முதல் லாட்

மேஜைமேல் பிளாஸ்டிக் கவரில் இருந்த துப்பாக்கியை எடுக்க அர்த்தநாரி கை நீட்டியதும் பிகாஷ் தடாலென்று அவர் காலில் விழுந்தான். சுட்டுவிடுவார் என்ற பயத்தில் இல்லை. அந்தப் போலீஸ் ஸ்டேஷனில் தன்னைக் காப்பாற்ற அவரை விட்டால் ஆளில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"முதலாளி, நான் சுடல. ஆத்துப் பக்கம் புதர்ல கிடந்துச்சு. எடுத்துப் பாத்தேன், அவ்வளவுதான்."

ஒடிசாக்காரன். அர்த்தநாரியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்குக் கீழே வேலை. பேசக் கற்றுக்கொண்ட கொஞ்சநஞ்சத் தமிழும் அழுகையில் குழறியது.

முந்தின நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நடந்து போன டெய்லர் பழனியம்மாளின் வலது கண்ணில் எங்கிருந்தோ ஒரு ஈயக் குண்டு வந்து பாய்ந்தது. பார்வை திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காலையில் பிகாஷின் கையில் ஏர்கன்னைப் பார்த்தவர்கள் அவனை நாலு சாத்து சாத்தி இங்கே இழுத்து வந்துவிட்டார்கள். வடக்கத்திப் பையன் என்றால் அடித்துவிட்டுத்தானே பேரையே கேட்கிறோம்!

"அண்ணா, உங்களுக்குத் தெரியாத ஏர்கன் இல்லீங்க. அதான் கூப்புட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர் கன்னையன்.

அது முகஸ்துதி இல்லை. நிஜத் துப்பாக்கியை அப்படியே அச்சடித்த மாதிரி செய்கிற ஏர்கன்களை அர்த்தநாரி வருஷக்கணக்காகச் சேகரிக்கிறார். எது எந்த லாட்டில் வந்தது, எது கம்பெனிக்காரன் பாதியில் நிறுத்திய அபூர்வ வகை என்று பெங்களூர்க்காரர்கள்கூட அவருக்குத்தான் போட்டோ அனுப்பிக் கேட்பார்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ஷேடு ஒரு இம்மி மாறினாலும் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிற மனுஷன். அவர் பாஸ் என்றால் பாஸ், ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட், மறுபேச்சு கிடையாது.

"இந்த மாடல்ல ரெண்டு வகை இருக்குதாமுங்களே?"

"ஆமாங்க. முதல் லாட் வெளிநாட்டுல மட்டும்தான் வித்துது. லீவர் சரியில்லீன்னு உடனே நிறுத்திப்போட்டாங்க. நம்ம பக்கத்துல அது என்னையாட்டச் சேகரிக்கறவங்க ஒண்ணு ரெண்டு பேருகிட்டத்தான் இருக்கும். பொறகு வந்தது சாதாங்க. ஆன்லைன்ல எவன் வேணும்னாலும் வாங்கலாம்."

"அப்ப இது முதல் லாட்டுன்னா இவன் வாங்கியிருக்க முடியாது. இவன விட்டுட்டு வேற ஆளத் தேடறேன். சாதான்னா இன்னைக்கே ரிமாண்டுதானுங்க. பாத்துச் சொல்லுங்க."

பிகாஷ் எழுந்து உட்கார்ந்தான். முழுசாகப் புரியாவிட்டாலும், தன் தலையெழுத்து அந்தப் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது என்பது புரிந்துவிட்டது.

அர்த்தநாரி கவரைப் பிரித்தார். துணியில் இழை எண்ணுகிற பூதக்கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது; அதை எடுக்கவில்லை. துப்பாக்கியை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார், மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சாதாதானுங்க."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"ஏனுங்க, எனக்குத் தெரியாதுங்களா?"

கன்னையன் அதற்குமேல் கேட்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் கிடக்கிற சிமெண்டு பெஞ்சு அர்த்தநாரி உபயம். அவரைப் போய்த் திருப்பித் திருப்பிக் கேட்க முடியுமா? ரைட்டரைப் பார்த்து, "எழுதுய்யா" என்றார்.

"முதலாளி... முதலாளி..." என்றான் பிகாஷ்.

அர்த்தநாரி அவன் தோளைத் தட்டினார். "வக்கீல் நான் வெக்கறேன். உங்க ஊட்டுக்கும் நானே சொல்லிக்கறேன். தெம்பா இரு."

அடப்பாவமே! அவன் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க சாமி, முதலாளி" என்றான்.

வெளியே கட்டிங் மாஸ்டர் உமர் நின்றிருந்தார். பிகாஷ் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யமாட்டான் என்று காலையிலிருந்து போலீசாரிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அர்த்தநாரி உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டியதும் அவர் முகம் தொங்கிப்போனது.

"நீங்களே சொல்லிட்டீங்கன்னா அப்பறம் என்னங்க இருக்குது? பாவிப்பய, என்னையே ஏமாத்திப்போட்டான்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிகாஷ் பக்கம் இருந்த ஒரே ஆளும் போயாயிற்று.

அர்த்தநாரி காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஓட்டி வந்திருந்த மகன் செந்தில்வேல் காரை விட்டு இறங்கவே இல்லை. ஏசி ஓடியும் அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னாச்சுங்கப்பா?" ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

ஸ்டியரிங்கில் இருந்த அவன் கையைத் தன் கையால் அழுத்திப் பிடித்தார் அர்த்தநாரி.

"பயப்படாத கண்ணு, நீ சுட்டது சாதாத் துப்பாக்கின்னு சொல்லிட்டேன்."