கொட்டாய்க்குப் பின்னால்

திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"கொட்டாய்க்குப் பின்னாடி இருக்கோம். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. எல்லாரும் மாடிக்கு ஏறிட்டோம். சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் குரல். பின்னால் மழை.

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் எல்லாத் தொலைபேசிகளும் அலறிக்கொண்டிருந்தன. ஆட்கள் எடுக்க முடியாத அழைப்புகளை அவள் உருவாக்கிய இயந்திரம் எடுத்துப் பேசியது. கேட்டதை எழுத்தாக்கும். இடத்தைக் கண்டுபிடிக்கும். படகு அனுப்புகிறவருக்குச் சொல்லும். இன்று காலையில்தான் அதற்கு அனுமதி கிடைத்தது.

வேறு வழியில்லாமல் கொடுத்த அனுமதி.

"எந்தத் தெரும்மா?" இயந்திரம் கேட்டது.

"தெருப் பேரு யாருக்குத் தெரியும்? புதுசா ஏதோ போர்டு வச்சாங்க. கொட்டாய்னு சொன்னா எல்லாருக்கும் தெரியுமே!"

கொட்டாய் இப்போது இல்லை. படம் ஓட்டிய கொட்டகையைப் பிரித்து மனை போட்டு விற்றாகிவிட்டது. அரசாங்க வரைபடத்தில் அந்தச் சொல்லே கிடையாது.

அவளுடைய இயந்திரத்தில் இருந்தது.

பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் பேசும் இயந்திரங்களைப் பழக்கிக்கொண்டிருந்தவள் அவள். அவை என்ன கேட்டாலும் அழகாகப் பதில் சொல்லின. தெரியாததற்கும் அதே அழகோடு. ஒரு கட்டத்தில் அவளால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஆதாரம் இருந்தால் மட்டும் பேசுகிற ஒன்றைச் செய்யப் போகிறேன் என்று சொல்லி வேலையை விட்டாள். கூட இருந்தவர்கள் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள்.

பிறகு இந்த ஊர்த் தெருக்களில் அலைந்தாள். ஆட்டோ ஸ்டாண்ட், தபால் அலுவலகம், மீன் மார்க்கெட்.

இந்த இடத்தை நீங்க என்னன்னு சொல்லுவீங்க? பக்கத்துல என்ன இருக்கு? இங்கேருந்து பார்த்தா எது தெரியும்?

மனை புரோக்கர் என்று நினைத்துக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. இதைப் பற்றி அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஒருவர், இது ஆராய்ச்சி இல்லை, ஊர்க்கதை என்று எழுதியிருந்தார்.

திரையில் இருந்த வரைபடத்தில் புள்ளி ஒன்று மினுங்கியது.

பக்கத்தில் இன்னொன்று.

அவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

ஊரில் இரண்டு கொட்டாய்கள் இருந்திருக்கின்றன. ஒன்று வடக்கே, ரயில்வே லைனுக்கு அப்பால். மற்றது ஆற்றங்கரையில். செல்போன் டவர்கள் பல விழுந்துவிட்டதால் அழைப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை.

கைவசம் இருந்தது ஒரே படகு.

தாசில்தார் வேதமூர்த்தி அவள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"வடக்கதான் மேடம் வீடுங்க ஜாஸ்தி. அங்கயே அனுப்பிடறேன்."

வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார்.

"ஒரு நிமிஷம் சார்."

"நிமிஷத்துக்கு எங்க மேடம் போறது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இயந்திரம் இன்னும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

சந்தேகம் வந்தால் அது என்ன செய்ய வேண்டும் என்று பழக்கியவள் அவள்தான். ஆயிரம் தடவை சோதித்தும் பார்த்திருக்கிறாள். ஆனால் சோதனையில் யாரும் மழையில் நின்று அழுததில்லை.

பேசு, என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"அம்மா, நீங்க நிக்கிற மாடியிலேருந்து தண்ணி டேங்க் தெரியுதா? இல்ல, மசூதி மினார் தெரியுதா?" என்றது இயந்திரம்.

வேதமூர்த்தியின் கை அப்படியே நின்றது.

மழை இரைச்சல். ஒரு குழந்தையை யாரோ அதட்டினார்கள்.

"மினாருதாம்மா. பச்சை மினாரு. நல்லாத் தெரியுது."

வடக்கே இருந்த புள்ளி அணைந்தது.

"லூர்துசாமி!" வேதமூர்த்தி வயர்லெஸ்ஸில் படகோட்டியிடம் கத்தினார். "ஆத்தங்கரைக்கு விடு படகை! பழைய கொட்டாய்க்குப் பின்பக்கம். மாடியில நிக்கிறாங்க."

இயந்திரம் இணைப்பைத் துண்டிக்கவில்லை. படகு கிளம்பிடுச்சும்மா, சுவரோரமா நிக்காதீங்கம்மா என்று இடையிடையே பேசிக்கொண்டிருந்தது. அவள் விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போனில் மோட்டார் சத்தம் கேட்டது. முதலில் மெல்ல. பிறகு பேச்சையே அமுக்கும் அளவுக்கு.

"ஏறிட்டோம்மா! புள்ளைங்க, மாமியாரு, எல்லாரும் ஏறியாச்சு!"

அறையில் யாரோ கைதட்டினார்கள். வேதமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"நான் வடக்க அனுப்பியிருப்பேன் மேடம்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

திரையில் எழுத்துகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"நீ நல்லா இருக்கணும்மா. கலெக்டர் ஆபீஸ்லயா வேலை பாக்குற?"

"நான் ஆள் இல்லம்மா. மிஷின்."



"மிஷினா? மிஷினுக்கு எப்படி எங்க கொட்டாயைத் தெரியும்? யாரு சொன்னா?"

எதைச் சொன்னாலும் அது யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்டால், சொல்லும்படிதான் அவள் அதைப் பழக்கியிருந்தாள். பெயரைச் சொல்லலாம் என்று சம்மதித்தவர்களின் பெயரை மட்டும்.

"பால் சொசைட்டியில வேலை பார்க்கிற கோமளவல்லி சொன்னாங்க."

"கோமளாவா!" சிரிப்பு வெடித்தது. சட்டென்று நின்றது. "ஐயோ, அவ எங்களுக்குப் பின்தெருவாச்சே. காலையிலேருந்து அவ போனே எடுக்கலயே."

அவள் திரும்பி வேதமூர்த்தியைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே வயர்லெஸ்ஸை எடுத்திருந்தார். எடுத்துவிட்டு, எங்கே என்று சொல்லத் தெரியாமல் நின்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் இயந்திரம் கேட்டுவிட்டது.

"அவங்க வீட்டுக்கு என்னம்மா அடையாளம்?"

படகில் இருந்தவள் சொல்லத் தொடங்கினாள்.

லூர்துசாமி மோட்டாரைத் திருப்பும் சத்தம் கேட்டது.