இடது கையால் ஒரு பந்தயம்

"கேம் ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் வாங்குவேன் பிள்ளை."

லேப்டாப் கடையில் வேலை பார்க்கும் தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கடைக்கு வந்திருந்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பெயர் சீவரத்தினம், வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாம் உள்ளே நுழைந்த வேகத்தில் அவரே ஒப்பித்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் மக்கர் பண்ணிவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். பங்சாரில் இருந்த அந்தக் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். இவர் கவலை வேறாக இருந்தது.

"இந்த சிடியைப் போடுங்க. லினக்ஸும் கேமும் இதுலயே இருக்கு. விண்டோஸ் வேணாம்."

"கேம் விளையாட எல்லாரும் விண்டோஸ்தானே கேப்பாங்க அங்கிள்?"

"இந்த கேம் லினக்ஸ்ல மட்டும்தான் ஓடும்."

முதல் லேப்டாப்பில் சிடியைப் போட்டாள். திரை கறுப்பாகவே நின்றது. அதன் கிராபிக்ஸ் லினக்ஸுக்கு ஒத்துவரவில்லை.

அடுத்து, கடையிலேயே புத்தம் புது மாடல். படம் பளிச்சென்று வந்தது. கார் பந்தயம். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஓட்டலாம்.

"சும்மா பறக்குது பாருங்க அங்கிள்! கிராபிக்ஸ்ல இதை அடிச்சிக்க ஆளில்ல."

சீவரத்தினம் முகத்தில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

"என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க பிள்ளை. இடது கையால மட்டும். வலது கையைப் பின்னால வெச்சுக்குங்க."

இதென்ன கூத்து என்று நினைத்தாலும் தெய்வானை உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே அவள் கார் சுவரில் மோதியது. மறு ஆட்டத்திலும் அதே கதி.

"இது சரிப்படாது," என்று எழுந்துவிட்டார்.

கவுன்டருக்கு வந்தவளிடம் உடன் வேலை செய்யும் காசிவிஸ்வநாதன் கிசுகிசுத்தான். "விலையைப் பார்த்துட்டு நடிக்கிறாரு லா. சரியான கஞ்சன். கடைசியில அந்தப் பழைய மாடல்ல வந்து நிக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"ஆமா லா, பார்த்தாலே தெரியுது. கஞ்சனேதான்," என்றாள் தெய்வானை.

காசி பேரை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அலமாரிக் கோடியில் விலை போகாமல் கிடந்ததைச் சீவரத்தினம் கைகாட்டினார்.

அதிலும் லினக்ஸ் வந்தது. கேமும் வந்தது. ஆனால் படம் இழுத்து இழுத்து வந்தது. கார்கள் பாசார் கடைத்தெரு நெரிசலில் மாட்டிக்கொண்ட மாதிரி ஊர்ந்தன.

"மறுபடியும் இடது கைதான், பிள்ளை."

இந்த முறை தெய்வானை ஜெயித்தாள். தோற்றவர் முகம் மலர்ந்துவிட்டது!

"இன்னொரு ஆட்டம்."

அதிலும் அவளே ஜெயித்தாள். சீவரத்தினம் கைதட்டாத குறைதான்.

"இதான். பேக் பண்ணிடுங்க."

தெய்வானைக்கு மனசு கேட்கவில்லை. முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"அங்கிள், இது ரொம்ப மெதுவு. டிஸ்ப்ளேல வெச்ச ஒண்ணு இருக்கு, நல்லா ஓடும். லினக்ஸும் வரும். இதே விலைக்கே எடுத்துக்கச் சொல்லிட்டாரு பாஸ்."

"சும்மா குடுத்தாலும் வேணாம் பிள்ளை."

பெட்டி கட்டிக்கொண்டிருந்த காசி வாயைப் பிளந்தான்.

"ஏன்னு சொல்லாம போனீங்கன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும் அங்கிள்!" என்றாள் தெய்வானை.

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"இந்த கேமை எழுதினதே என் தம்பிதான். இராமலிங்கம். காலேஜ்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தவன். சாயங்காலமானா ரெண்டு பேரும் போட்டி போடுவோம். எப்பவும் அவன்தான் ஜெயிப்பான். ஜெயிச்சிட்டு என்னைப் பாடாப் படுத்துவான்."

"இப்போ?"

"ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துடுச்சு. மேசைகிட்ட உட்கார முடியாது, படுக்கையில சாய்ஞ்சபடிதான். அதான் லேப்டாப். அப்பவும் விடாம, பிடிச்சு உட்கார வெக்கச் சொல்லி, இடது கையால ஒரு நாள் ஆடிப் பார்த்தான். தோத்துட்டான். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடச் சொல்லிட்டான். அதுக்கப்புறம் யார்கூடவும் பேச்சில்ல. சாப்பாடும் சரியா இறங்கல."

"நீங்க வேணும்னே தோத்திருக்கலாமே அங்கிள்?"

"அன்னைக்கே அடுத்த ஆட்டத்துல தோத்துப் பார்த்தேன். கண்டுபிடிச்சு, 'எனக்குப் பிச்சை போடுறியா'ன்னு கத்தினான். கேமுக்குள்ள வேகத்தைக் குறைச்சாலும் கண்டுபிடிச்சிடுவான், அவன் எழுதினதாச்சே. மெஷினே மெதுவா இருந்தா என்ன பண்ணுவான்? அது படம் வரைஞ்சு முடிச்சாத்தானே கார் நகரும்? அதுக்குள்ள இடது கையாலயே திருப்பிடலாம்."

தெய்வானைக்குச் சற்று முன் கவுன்டரில் பேசியதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

"இவ்வளவு மட்டமான மெஷினை ஏன் வாங்கினீங்கன்னு சந்தேகப்பட மாட்டாரா?"

"படாம இருப்பானா? கடைக்கே போன் போட்டுக் கேப்பான்."

பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தவர், கதவருகில் திரும்பினார். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"அப்படிக் கேட்டா, கவுன்டர்ல நின்னு ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசிக்கிட்டீங்கல்ல, அதையே அவன்கிட்டயும் சொல்லிடுங்க பிள்ளை."