ஜேக்கப்பின் காகிதங்கள்

"ஜேக்கப் குடுத்த காயிதமெல்லாம் தெச்சாச்சா, பாய்?"

நூலில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த பைண்டர் அமீர் நிமிரவில்லை. "இன்னும் இல்ல, லியோனார்ட். இப்பத்தான் வரிசையா அடுக்கி வெச்சேன். சாய்ந்தரம் வந்து வாங்கிக்கிறேன்னான். நாளைக்குக் காலைல டிரைவர் பரீட்சையாமே?"

"ஆமா" என்றான் லியோனார்ட்.

பலகையில் இருந்தது ஜேக்கப்பின் நாலு வருஷ உழைப்பு. ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் அவன். டிரைவர்களைக் கேட்டுக் கேட்டு, பரீட்சைப் பாடங்களை டியூட்டி சீட்டின் பின்பக்கத்திலும் சிகரெட் அட்டையிலும் இரண்டு நோட்டுகளிலுமாக எழுதி வைத்திருந்தான். எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகக் கட்டித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

லியோனார்டும் அவனோடு தண்டையார்பேட்டை இன்ஜின் ஷெட்டில் ஃபயர்மேன்தான். இரண்டு தடவை பரீட்சை எழுதித் தவறியாகிவிட்டது. மூன்றாவதும் போனால் ஆயுசுக்கும் கரிதான். யுத்தம் முடிந்து ஆள் குறைக்கிற நேரம், காலியாக இருந்ததோ ஒரே ஒரு டிரைவர் இடம்.

"நீயும் படிடா தோஸ்து" என்று தானாகவே நோட்டை நீட்டுகிற ஜேக்கப், போன செவ்வாய்க்கிழமையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரே வந்தால் சந்தில் திரும்பிவிடுகிறான். ஒரே இடம் என்றதும் சிநேகிதம் பறந்துபோச்சே! நினைக்க நினைக்க லியோனார்டுக்கு வயிறு எரிந்தது.

"பாய், அந்த பிரேக் பாடத்த மட்டும் ஒரு ராத்திரிக்கு எனக்குக் குடேன்."

"இன்னா பேச்சு இது? அவன் பொருளு. அவன் வந்தா அவன் கையால வாங்கிக்கோ" என்று எழுந்தார் அமீர். "நான் தொழுதுட்டு வந்துர்றேன். அடுப்புல அட்டை ஒட்டுற வஜ்ஜிரப் பசை காயுது. அடி புடிக்காம கிண்டி வுடு."

கடையில் அவன் மட்டும்.

கை தானாகக் காகிதக் கட்டைப் புரட்டியது. 'பிரேக்' என்று தலைப்பிட்ட பன்னிரண்டு தாள். பரீட்சை வைக்கிற துரை இதைத்தான் குடைந்து குடைந்து கேட்பான். இதில் தடுமாறினவனை அப்படியே வெளியே அனுப்பிவிடுவான். இது இல்லாவிட்டால் ஜேக்கப்பும் நாளைக்குத் திருதிருவென்று முழிக்கட்டுமே!

உருவிச் சட்டைக்குள் செருகினான். புடைத்துக்கொண்டு நின்றது. அதே நேரம் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஐயோ, ஜேக்கப்! லியோனார்ட் அத்தனை தாளையும் வஜ்ஜிரச் சட்டிக்கு அடியில், கனலுக்குள் திணித்தான். ஒரு நிமிஷத்தில் சாம்பல்.

சைக்கிளில் போனது யாரோ மீன்காரன். மாதாவே, என்ன காரியம் செய்துவிட்டேன்!

அமீர் வந்தார். ஊசியைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் ஒல்லியாத் தெரியுதே?"

"தெச்சா அமுங்கத்தான செய்யும், பாய்."

போய்விடலாம் என்றால், போனால் சந்தேகம் வரும். அட்டை ஒட்டி முடிகிற வரையில் லியோனார்ட் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய் லியோ! உன்னத் தேடி உன் வூட்டுக்குப் போய்ட்டு ஓடியாரேன்!" மூச்சு வாங்க வந்து நின்றான் ஜேக்கப். அமீரிடம் புத்தகத்தை வாங்கினான். பிரித்துக்கூடப் பார்க்காமல் லியோனார்டின் கையில் வைத்தான்.

"எனக்கா?"

"வேற யாருக்கு? செவ்வாக்கெழம கண்ணு டாக்டர் என்னைத் தள்ளிட்டார்டா. செவப்பும் பச்சையும் எனக்குப் பிரிச்சுத் தெரியலையாம். இனிமே இன்ஜின்லயே ஏறக் கூடாதாம். அரக்கோணம் ஸ்டோர்ல போட்டுட்டாங்க, ஆறு மணி வண்டிக்குப் போவணும். உன்னப் பாத்தா அழுதுருவேன்னுதான் ஒதுங்கிக்கினு இருந்தேன்."

லியோனார்ட் புத்தகத்தை அவனிடமே திருப்பி நீட்டினான். ஜேக்கப் அவன் தோளைத் தட்டினான்.

"இன்னாத்துக்குப் பயப்படறே? எல்லாத்தயும் படிக்க நேரம் இல்ல. நீ ரெண்டு தபாவும் கோட்டை வுட்டியே, பிரேக் பாடம், அத உனக்குப் புரியிற மாதிரி பன்னெண்டு தாள்ல புச்சா எழுதி வெச்சுகீறேன். ராத்திரி அத மட்டும் படி, போதும்!"