முப்பத்திரண்டாம் எண்

சைரன் நின்றுவிட்டது. வாசல் பலகையில் இன்னும் ஒரு பித்தளை டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டாம் எண்.

"உள்ள ஒருத்தர் இருக்காரு. ஒத்திகை ஃபெயில்" என்றாள் ஸ்ரீலேகா. தீ பாதுகாப்புச் சான்றிதழுக்காகச் சோதிக்க வந்தவள். அது கிடைக்காவிட்டால், சனத்நகரின் அந்தச் சிறிய பட்டறைக்கு இருந்த ஒரே பெரிய ஆர்டர் கைவிட்டுப் போகும்.

ஏற்பாடு எளிமையானது. உள்ளே போகிறவர் தன் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். தலைகளை எண்ண வேண்டியதில்லை. பலகையில் எந்த எண் மிச்சமோ, அந்த ஆள் உள்ளே.

முதலாளி தேவராஜ் முதல் கூட்டிப் பெருக்கும் பானு வரை முப்பத்தொரு பேரும் வேப்பமரத்தடியில் டோக்கனும் கையுமாக நின்றார்கள். எல்லாம் தேய்ந்து மழுங்கியவை. முதலாளியுடையது மட்டும் புதிது.

"உள்ள யாரும் இல்ல மேடம்" என்றார் ஃபோர்மேன் சூசைராஜ். "அதை தினமும் காலையில மொதலாளி அண்ணனே மாட்டுவாரு."

"அப்ப கழட்டுங்க. பாஸ் போட்டுடறேன்."

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள்..." சூசைராஜின் குரல் கெஞ்சியது.

"நக்கோ, சூசை. கழட்டக் கூடாது" என்றார் தேவராஜ்.

ஸ்ரீலேகா எரிச்சலோடு படிவத்தைப் புரட்டினாள். "இவ்ளோ கண்டிப்பு எதுக்கு சார்? சட்டத்துக்கா, இன்சூரன்ஸுக்கா, ஆர்டருக்கா? காரணம்னு ஒண்ணு எழுதணும்."

தேவராஜ் பலகைப் பக்கம் திரும்பினார். சூசைராஜ்தான் முந்திக்கொண்டார். "பலகை எங்கப்பா இங்க வேலை பாத்த காலத்துலருந்தே இருக்கு மேடம். நாலு வருஷம் முன்னாடி பெயிண்ட் ஷெட்ல தீப்பிடிச்சுது. அஞ்சே நிமிஷத்துல பலகை காலி. அதைப் பாத்துட்டுதான் ஃபயர்காரங்க உள்ள போகாம, வெளிய நின்னே தண்ணி பீச்சினாங்க."

"நல்லாத்தானே வேலை செஞ்சிருக்கு! அப்புறம் ஏன் ஆளே இல்லாத டோக்கனை மாட்டிக் குழப்பறீங்க? யாருது இது?"

சூசைராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

தேவராஜ் பலகையருகே போய், முப்பத்திரண்டைச் சட்டை நுனியால் துடைத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"எம் பையன் வினயோடது மேடம். மொதலாளி புள்ளைக்கு எதுக்கு டோக்கன்னு, அன்னைக்கு நான்தான் குடுக்காம விட்டேன்."