சனிக்கிழமை எங்கே போகலாம்?

"உங்க பொண்ணு உங்களை வீட்டுக்கே கூப்பிட மாட்டாளா?"

மாடிப்படியில் வழிமறித்து எதிர்வீட்டு நோவோட்னி அம்மாள் இப்படிக் கேட்டதும் ரோஸ்விதாவுக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை ஆனால் ரோஸ்விதா தொப்பியும் கைப்பையுமாகத் தனியே கிளம்பிவிடுவார். கணவர் எர்வின் இறந்த பிறகு இதுதான் வழக்கம். காலையில் மகள் பிர்கிட் போன் செய்து, இன்றைக்கு இங்கே போ, இதைப் பார் என்று ஒரு யோசனை சொல்வாள்.

பிறந்து வளர்ந்து வாக்கப்பட்டது எல்லாமே வியன்னாவில்தான். ஆனாலும் பட்டாம்பூச்சிகள் பறக்கும் கண்ணாடி வீட்டுக்குள் அவர் கால் வைத்தது எழுபது வயதுக்கு மேல்தான். கடிகார மியூசியம், கால்வாய்ப் படகு, கண்ணில் பட்ட ட்ராமில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவது, எல்லாம் பிர்கிட் சொல்லித்தான். தன் தோளில் ஒரு நீலப் பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்த கதையை இந்தக் கட்டடத்தில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

"அவளுக்குச் சனிக்கிழமை மருந்துக்கடையில டியூட்டி," என்றார் ரோஸ்விதா. "அப்படியும் அம்மா வீட்டுல முடங்கிக் கிடக்கக் கூடாதேன்னு வாரா வாரம் யோசிச்சுச் சொல்றா. உங்க பையன் சொல்றானா?"

நோவோட்னி அம்மாள் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முகம் மட்டும் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது.

உண்மையில், இன்றைய யோசனை ரோஸ்விதாவுக்கே கொஞ்சம் இடித்தது. ஊரின் தெற்குக் கோடியில், பெரிய கல்லறைத் தோட்டத்தில், சவப்பெட்டிகளுக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறதாம். அவசியம் பார்க்க வேண்டுமாம்.

போனில் சரி என்றுவிட்டார். ட்ராம் நிறுத்தத்தில் நின்றபோது சிரிப்பு வந்தது. அங்கே ஒருநாள் நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போகத்தானே போகிறார்கள், அதற்குள் என்ன அவசரம்?

அப்போதுதான் முதல் தடவையாக அவருக்கே ஒரு யோசனை உதித்தது.

எதிர்த்திசை ட்ராமில் ஏறினால் மலையடிவாரம். அங்கே ஒயின் தோட்டங்கள். எர்வினோடு எத்தனையோ தடவை போயிருக்கிறார். ஆனால் தன்னந்தனியாகப் போய், தனக்கென்று ஒரு மேசை பிடித்து, ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பது? பிர்கிட்டுக்கே தோன்றாத விஷயம். ராத்திரி போனில் சொன்னால் அசந்துபோவாள்.

தோட்டத்தில் நல்ல கூட்டம். எத்தனை பேர் என்று பரிமாறும் பெண் கேட்டாள். நான் மட்டும்தான் என்று நிமிர்ந்து நின்று சொன்னார் ரோஸ்விதா. வாதுமை மரத்தடியில் இடம் கிடைத்தது. ஒயின், கறுப்பு ரொட்டி, காரம் போட்ட பாலாடைக்கட்டி. முதல் வாய் ஒயின் தொண்டையில் இறங்கியபோது, இத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்றிருந்தது. யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொடிப்பந்தலுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். தெரிந்த சிரிப்பு.

திரும்பிப் பார்த்தார். நீள மேசை. பிர்கிட், அவள் கணவன் ரோலண்ட், பேரப்பிள்ளைகள், ரோலண்டின் அப்பா, அம்மா.

டியூட்டியை யாரோ மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தார் ரோஸ்விதா. நான் கிளம்பிய பிறகு பாவம் வீட்டுக்குப் போன் செய்திருப்பாள். கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்து போனார்.

அதற்குள் பரிமாறும் பெண் அந்த மேசைக்குப் போயிருந்தாள். "எல்லாம் எப்பவும் போலத்தானே?" என்று ரோலண்டிடம் கேட்டாள்.

ரோஸ்விதாவின் நடை தயங்கியது.

முதலில் பார்த்தது சம்பந்தியம்மாள் ஹெர்மினாதான். முகமெல்லாம் மலர்ந்து எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்க ஆரம்பிச்சிட்டீங்களா? ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களைத்தான் கேப்பேன். முட்டி வலியில கட்டிலை விட்டு இறங்க முடியலைன்னு பிர்கிட் சொல்லுவா. நாங்க வந்து பார்க்கிறோம்னா, யாரும் வர வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே?"

ரோஸ்விதா கிளாஸை மேசையில் வைத்தார்.

பட்டாம்பூச்சியும் கடிகாரமும் படகும் எதற்கென்று ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஊரின் எல்லாக் கோடிக்கும் அனுப்பிய மகள், இந்தக் கோடிக்கு மட்டும் அனுப்பியதே இல்லை.

பிர்கிட்டின் முகத்தில் ரத்தமே இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் எல்லோர் கண்ணும் ரோஸ்விதாவின் மேல். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ரோஸ்விதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குத்தான் கொஞ்சம் தேவலை," என்றார். "சும்மா நடந்து பார்க்கலாம்னு வந்தேன். இவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடாது."

ஹெர்மினா தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மறுபடி வலிக்க ஆரம்பித்துவிட்டது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார் ரோஸ்விதா.

வாசலருகே பிர்கிட் ஓடிவந்தாள். "அம்மா, அது வந்து..."

ரோஸ்விதா காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பாள்.

"இனிமே போன்ல யோசனை சொல்லாத. எங்க போறதுன்னு நானே பார்த்துக்கிறேன்," என்றார் மெல்ல. "இப்ப உள்ள போ. உன் மாமியார் பார்த்துக்கிட்டிருக்காங்க."

தெருமுனை திரும்பும்வரை நொண்டிக்கொண்டே நடந்தார்.