பாயிண்ட் கேப்

மாடம்பாக்கம் வீட்டு வாசலில், பழைய ஃபியட்டின் பானெட்டைத் திறந்த மெக்கானிக் கதிரேசனை ரோஹிணி ஓடிவந்து தடுத்தாள்.

“அண்ணா, பாயிண்ட்டைக் கழட்டாதீங்க!”

“சார்தாம்மா எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொன்னாரு. இனிமே ரெண்டு பாயிண்ட்டுக்கும் நடுவுல மயிரிழை அளவு பார்த்துக் கேப் வைக்கிற வேலையே கிடையாது. அது துளி பிசகினாலும் வண்டி கிளம்பாதே.”

அப்பா ஸ்ரீநிவாசராகவன் பேப்பரை மடித்தபடி வெளியே வந்தார்.

“என்னப்பா இது? ஞாயித்துக்கிழமையானா பாயிண்ட்டைத் தேய்ச்சு, நீங்களே கேப் வெச்சாதான் உங்களுக்குத் திருப்தி. வண்டியும் சாவியைத் திருப்பினவுடனே ஸ்டார்ட் ஆகுது. அப்புறம் எதுக்கு மாத்தணும்?”

“காலத்துக்கு ஏத்த மாதிரி மாற வேண்டாமா?”

“கல்யாணமாகி நான் பெங்களூர் போயிட்டா, உங்களுக்குப் பொழுதுபோக வேற என்ன இருக்கு? இதை விட்டுடாதீங்கப்பா.”

அவர் கதிரேசனைப் பார்த்துத் தலையசைத்தார். பாயிண்ட் கழன்று வந்தது. ரோஹிணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா அவள் தோளில் கை வைத்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

“நீ போனப்புறம், நான் கேப் வெச்சுட்டுக் குளிக்கப் போற நேரத்துல, அதைத் திரும்பச் சரிபண்ணி வைக்க இங்க யாரும்மா இருக்கா?”

ரோஹிணி திடுக்கிட்டாள். “உங்களுக்கு எப்பலேர்ந்துப்பா தெரியும்?”

“கை நடுங்க ஆரம்பிச்ச முதல் வாரமே தெரியும். நான் வெச்ச கேப்புக்கு வண்டி இருமிக்கூட இருக்காது” என்று சிரித்தார் அப்பா. “எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீ அவ்வளவு பாடுபட்டே. அதைக் கெடுப்பானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.”