விருந்தாளி பிஸ்கட்

சாக்லேட் பூசிய பிஸ்கட் வாங்கும்போதெல்லாம் செண்பகவல்லி டீச்சர் காலாவதித் தேதியைத்தான் பார்ப்பார். யார் எப்போது வருவார்களோ என்று, ஆகத் தள்ளியிருக்கும் தேதியாக எடுப்பார். அலமாரியில் அது பிரிக்கப்படாமலே கெட்டுப்போகும். வீட்டில் தனியாக இருக்கும் அவருக்கு டீயோடு வெறும் ரஸ்க்தான். இன்று தேடித்தேடி வேறொன்றை எடுத்தார்.

"டீச்சர், இது நாளையோட முடியுது. வேற தரட்டுமா?" என்றார் கடை அண்ணாச்சி.

"இருக்கட்டும் அண்ணாச்சி. இன்னைக்கே வீட்டுக்கு ஆள் வர்றாங்க."

வீட்டில் பிஸ்கட்டைப் பிரித்துத் தட்டில் அடுக்கினார். டீயை நல்ல கோப்பையில் ஊற்றி மூடிவைத்தார். முகம் கழுவி, சேலை மாற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டார். காலிங்பெல்லை அழுத்திவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.